மூக்குடைந்த தேவதைக்கு ஒரு கல்யாணப் பாட்டு

கம்போட்
28 ஜூன் 1964

அன்புத் தம்பி விபோலுக்கு,

மும்மணிகளின் அருளால் நானும் உன் அத்தான் ஹெங்கும் பிள்ளை ஆதூச்சும் சுகமாக இருக்கிறோம். பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது. அது கடிக்கிறதா என்று என் தோளில்தான் பரிசோதனை நடக்கிறது. அத்தானுக்கு இடுப்புவலி. மிளகுக் கொடிக்கு மண் அணைக்கும்போது மட்டும் வரும், சாப்பாட்டு நேரத்தில் போய்விடும். உன் வயிறு எப்படி இருக்கிறது? அந்தச் சந்தைமுனைக் கடையில் இன்னும் சாப்பிடுகிறாயா? வேண்டாம் என்றால் கேட்கவா போகிறாய்.

பள்ளிக்கூடம் மூடப்போகிறது. நீ விடுமுறையில் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். மழையைப் பார்த்துக்கொண்டு தூங்குவாய், எழுந்தால் சதுரங்கம் ஆடுவாய். இந்த வருஷம் அக்காவுக்காக ஒரு வேலை செய்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு எங்கள் விகாரைக்காரர்களோடு லாரி பிடித்து அங்கோருக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? ஒருநாள் பிடித்த மழையில் நானும் அத்தானும் கூட்டத்தை விட்டு ஏதோ ஒரு கோயில் வாசலுக்குள் ஓடி ஒதுங்கினோம். அங்கே சுவரில் ஒரு கல் தேவதை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விடும்வரை வேறு வேலையும் இல்லை, மனசிலும் பாரம் இருந்தது. அவளிடம் ஒன்று கேட்டு நேர்ந்துகொண்டேன்.

அந்த நேர்த்திக்கடனை இந்த மழைக்காலத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கைக்குழந்தையோடு நான் வர முடியாது. நீ போ. வாழைச்சீப்பு, தாமரை மொட்டு, ஊதுவத்தி, அப்புறம் கல்யாணப் பாட்டு. ஆட்களை வைத்து வாத்தியத்தோடு பாடச் சொல்ல வேண்டும். அப்படித்தான் வாக்குக் கொடுத்தேன்.

ஒரே ஒரு சிக்கல். அது எந்தக் கோயில் என்று மறந்துவிட்டது. ஆனால் அடையாளம் சொல்கிறேன். உப்பிய கன்னம், உடைந்த மூக்கு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற வாய். சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம்.

உன் நலத்தையே நினைத்திருக்கும் அக்கா,
மாலிஸ்

*

புனோம் பென்
6 ஜூலை 1964

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம், என் வயிறும் நலம். அத்தான் இடுப்புக்குப் புலித்தைலம் அனுப்பியிருக்கிறேன். ஆதூச்சின் பற்களுக்கு வாழ்த்துகள்.

சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அக்கா, அங்கோரில் திரும்புகிற சுவரிலெல்லாம் தேவதைகள்தான். மூக்கு உடையாதவளைத் தேடு என்றாலாவது ஒரு நியாயம் இருக்கும். "மாட்டுக்கு நாலு கால் இருந்தது, தேடிக் கொண்டுவா" என்பது போல இருக்கிறது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பதும் உனக்குத் தெரியும். நான் பிறந்தது குதிரை வருஷம், எனக்குப் பேசிய பொத் பிறந்தது எலி வருஷம், குதிரைக்கும் எலிக்கும் ஆகாது என்று ஒரு ஜோசியர் சொன்னார். வெற்றிலைத் தட்டு மாற்றிய பிறகு அவள் வீட்டார் அந்தத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து எனக்கும் ஜோசியருக்கும் கல்லுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கணக்குப் பாடம் போதும். அதில் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் எவரையும் கேட்காமல் இரண்டாகிவிடும்.

ஆனாலும் பிள்ளைக்காக நீ நேர்ந்துகொண்டது புரிகிறது. இத்தனை வருஷம் கழித்து அவன் பிறந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. போகிறேன். ஒரு வாரம்தான், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது.

ஒரு சந்தேகம். பிள்ளை வரம் கேட்டதற்கு எதற்குக் கல்யாணப் பாட்டு?

பணிவன்புடன்,
விபோல்

*

கம்போட்
15 ஜூலை 1964

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். தைலம் வந்தது. அத்தான் இடுப்பில் தடவிக்கொண்டு, அந்தக் கையாலேயே கண்ணையும் கசக்கிக்கொண்டார். இடுப்புவலி மறந்துபோனது.

நீ சரி என்றதில் எனக்கு ஒரு துரியன் பழம் முழுசாகத் தின்ற சந்தோஷம். சியாம் ரியப்பில் தங்குவதற்கு வழி சொல்கிறேன். எங்கள் கல்யாணத்துக்கு வாசித்தாரே சாரூன் மாமா, அவர் இப்போது அங்கேதான், ஆற்றங்கரைச் சந்தைக்குப் பின்னால் இருக்கிறார். மழைக்கால நோன்பில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, மூன்று மாதம் கச்சேரிக்காரர்களுக்கு வேலையும் இல்லை. வாத்தியம் எல்லாம் உத்தரத்தில் தொங்கும், ஆட்கள் ஊஞ்சலில் தொங்குவார்கள். மாமா வீட்டில் மாடி அறை இருக்கிறது. எழுதிப் போட்டிருக்கிறேன்.

குடை எடுத்துக்கொள். உள்ளங்காலை ஈரமாக வைத்திருக்காதே. கல் படிகளில் பாசி இருக்கும். வெந்நீர் குடி.

அவளைப் பார்த்தால் எனக்காக ஒரு கும்பிடு போடு.

அன்பு அக்கா,
மாலிஸ்

*

சியாம் ரியப்
30 ஜூலை 1964

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் வெந்நீர் குடிக்கச் சொன்னால் நான் மறந்துவிடுவேன் என்று நினைத்தாய். மறக்கவில்லை. ஆனால் எழுத வேறு விஷயம் நிறைய இருக்கிறது.

வந்திறங்கிய நாள் முதல் மழை. சாரூன் மாமா உன்னை நன்றாக விசாரித்தார். உன் கல்யாணத்தில் நீ ஒப்பனையோடு தூங்கிவிட்டாயாமே? எனக்கு இது தெரியாது.

முதல் நாளே கடனை முடித்துவிட்டு மறுநாள் பஸ் ஏறுவது என் திட்டம். சைக்கிளில் பந்தியாய் கடெய் கோயிலுக்குப் போனேன். உடைந்த மூக்கோடு உப்பிய கன்னத்தோடு வாசலிலேயே ஒரு உருவம் நின்றது. வாழைச்சீப்பை வைத்தேன், ஊதுவத்தி கொளுத்தினேன், உனக்காகக் கும்பிடும் போட்டேன். பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். மாமாவின் மகள். மழையில் நான் வழி தவறிவிடுவேன் என்று மாமா அனுப்பியிருக்கிறார்.

"வாத்தியாரே, அது ஆம்பளை. கையில தடி வெச்சிருக்கான் பாருங்க, வாசக்காவல்காரன்" என்றாள்.

"மங்கல் வெளிச்சம். தெரியல."

"இப்ப இவன் பழத்தையும் வாங்கிட்டான், தனக்கு ஏதோ வேலை சொல்லப் போறாங்கன்னு காத்துக்கிட்டு இருப்பான். உங்க அக்காவோட தேவதை வேற, நமக்கு வர வேண்டியத எவனுக்கோ குடுத்துட்டாங்களேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பா. ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணணும்."

பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் ஆயிற்று என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குடுத்ததை எடுத்தால் காவல்காரன் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவானாம். அவனை அங்கேயே விட்டு வந்தோம்.

பாட்டு விஷயமும் இழுபறி. நோன்புக் காலத்தில் கல்யாணப் பாட்டுக்குப் பிடில் வில்லை எடுக்க மாட்டேன் என்கிறார் மாமா. வேறு பாட்டு என்றால் இப்போதே வருகிறாராம். கல்யாணப் பாட்டுதான் வேண்டும் என்றால் ஐப்பசி பௌர்ணமி தாண்ட வேண்டும். "பிள்ளை பொறந்ததுக்கு எதுக்கு மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு? உங்க அக்கா மறுபடியும் தூக்கத்துல இருந்தாளா?" என்று கேட்டார். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

தேவதையையாவது கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போகிறேன். இன்னும் கொஞ்ச நாள் ஆகும். வேறு அடையாளம் ஏதாவது இருந்தால் உடனே எழுது.

பணிவன்புடன்,
விபோல்

*

கம்போட்
12 ஆகஸ்ட் 1964

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழையில் கிணறு கைக்கு எட்டுகிறது. காவல்காரனுக்கு நீ பழம் வைத்த கதையை அத்தான் மிளகு வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். வியாபாரம் நன்றாக நடக்கிறது.

"ஒரு வாரம், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது" என்று எழுதிய ஆள் யார்? உன் கையெழுத்து மாதிரியே இருந்தது.

மாமாவின் மகள் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அவளுக்குப் பெயர் கிடையாதா? எங்கள் கல்யாணத்தில் பெரிய மேளத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சின்னப் பெண் பலகாரம் தின்றுகொண்டே இருந்தாள். அவளா?

அடையாளத்துக்கு வருகிறேன். அத்தானைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். எந்தக் கோயில் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த இடத்தில் விழுந்தது மறக்கவில்லை என்கிறார். தேவதைக்கு எதிரே தரையில் ஒரு கல் ஆடும். ஓரத்தில் கால் வைத்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். அதில்தான் அவர் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். "ஐயோ அம்மா"ன்னு கத்தினார். நான் கும்பிட்டுக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரைத் தூக்கினேன். அவள் அப்போதிருந்தே சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது அதனால்தானோ என்னவோ.

ஆகவே உடைந்த மூக்குக்கு எதிரே ஆடும் கல். ஒவ்வொரு கல்லாக மிதித்துப் பார். பார்த்து மிதி.

அன்பு அக்கா,
மாலிஸ்

*

சியாம் ரியப்
28 ஆகஸ்ட் 1964

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

உன் கடிதத்தை இங்கே சத்தமாகப் படித்தேன். பலகாரம் தின்ற பெண் அவள்தான். பெயர் கொலாப். இப்போது மேளத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாடுகிறாள். இந்த வட்டாரத்தில் அவள் பாடாமல் மணப்பெண்ணுக்கு முடி திருத்தும் சடங்கு நடப்பதில்லையாம். பலகாரம் இன்னும் தின்கிறாள்.

கல் மிதிக்கும் வேலை ஆரம்பமாகிவிட்டது. நீ இதைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் ஒட்டரிசிப் பொட்டலம் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புகிறோம். கோயிலுக்குள் ஒவ்வொரு மூக்குடைந்தவள் எதிரிலும் நானும் கொலாப்பும் தரையை மிதித்து மிதித்துப் பார்க்கிறோம். ப்ரியா கான் கோயிலில் ஒரு வயதான பிக்கு வெகுநேரம் பார்த்துவிட்டு, "எந்த ஊர் ஆட்டம் இது?" என்று கேட்டார். "கம்போட் பக்கத்து ஆட்டம், சாமி" என்றாள் கொலாப். அவர் தலையாட்டிக்கொண்டு போனார். உன் ஊர் மானம் போயிற்று.

மழையில் இந்தக் கோயில்கள் வேறு மாதிரி இருக்கின்றன அக்கா. கல்லெல்லாம் பச்சை. கூரை இடுக்கில் இருந்து தண்ணீர் கயிறாக இறங்குகிறது. தவளைச் சத்தத்தில் நாங்கள் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. வேர் இறங்கிய சுவரில் ஒரு முகம் மட்டும் வெளியே தெரிந்தது, ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுச் சண்டையைப் பார்க்கிறவள் போல. நாற்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தே இத்தனை வருஷத்தைக் கழித்தேனே, இதைப் பார்க்க ஏன் முன்பே வரவில்லை என்று தோன்றுகிறது.

தா ப்ரோமில் மழை விடாமல் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டோம். அவள் பாடுவாள் என்று நினைத்தேன். நோன்பில் பாட மாட்டாளாம். பேசிக்கொண்டிருந்தோம். எத்தனையோ பேர் கல்யாணத்தில் பாடியிருக்கிறாயே, உனக்கு எப்போது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் புலி வருஷம் வாத்தியாரே. புலிய எவன் வீட்டுக்குள்ள விடுவான்?" என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த ஜோசியர்கள் எல்லாரையும் என் வகுப்பில் உட்கார வைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்ல வேண்டும்.

ஆடும் கல் இன்னும் கிடைக்கவில்லை. தா சோம் பாக்கி இருக்கிறது. அவசரம் இல்லை. பள்ளிக்கூடம் திறக்க நாள் இருக்கிறது.

அத்தானுக்கும் ஆதூச்சுக்கும் என் அன்பு. கொலாப் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

விபோல்

*

புனோம் பென்
8 செப்டம்பர் 1964

அக்காவுக்கு,

நலம். உன் தேவதை கிடைத்துவிட்டாள். தா சோம் கோயிலின் கிழக்கு வாசல். கல் ஆடுகிறது. பழமும் பூவும் வைத்தாயிற்று. பாட்டுக்கு சாரூன் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், நோன்பு முடிந்ததும் அவர்களே போய் வாசித்துவிடுவார்கள். நான் இருக்கத் தேவையில்லை.

பாடத் தயாரிப்பு நிறைய இருப்பதால் முன்கூட்டியே திரும்பிவிட்டேன். காரியம் முடிந்தது.

விபோல்

*

சியாம் ரியப்
15 செப்டம்பர் 1964

மரியாதைக்குரிய மாலிஸ் அக்காவுக்கு,

சாரூன் மகள் கொலாப் வணங்கி எழுதுவது. நீங்களும் அத்தானும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு லேசான இருமல், மற்றபடி நலம். உங்கள் விலாசத்தை நீங்கள் இங்கே எழுதிய கடித உறையிலிருந்து எடுத்துக்கொண்டேன். தவறாக நினைக்காதீர்கள்.

உங்கள் தம்பி குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல குடை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தா சோமில் நடந்ததை அவர் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். கிழக்கு வாசலை வேர் மூடிக் கிடந்தது. நான் இந்தப் பக்கம் மிதிக்கிறேன், அவர் அந்தப் பக்கம் மிதிக்கிறார். திடீரென்று ஆளைக் காணோம். கல் தூக்கி அடித்து, சேற்றில் மல்லாந்து கிடக்கிறார். கண்ணாடி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். இடுப்பு போயிற்று என்று நான் ஓடினேன். முகத்திலும் சேறு. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். விக்கல் மாதிரி ஒரு சத்தம். பிறகு பார்த்தால் சிரிப்பு! எழுந்திருக்கவே இல்லை. மழை வாய்க்குள் விழ விழச் சிரிக்கிறார். மரத்தில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோயிற்று. இந்த மனுஷன் ஒரு மாதமாக எங்கள் வீட்டில் இருக்கிறார், உதட்டோரம் கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். இப்படி ஒரு சத்தம் அவருக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. "என்ன வாத்தியாரே ஆச்சு?"ன்னு கேட்டால், "விடை சரியா வந்துடுச்சு, விடை சரியா வந்துடுச்சு" என்கிறார். நானும் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் மேலே உங்கள் தேவதை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பா அவரிடம் ஊர்க்கதை பேசியிருக்கிறார். நோன்பு முடிந்ததும் கம்போங் தோமிலிருந்து ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டில் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று. மறுநாள் காலையில் அறை காலி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஆலைக்காரர்கள் வர மாட்டார்கள். புலி வருஷம் என்று தெரிகிறவரை எல்லாரும் வருவதாகத்தான் சொல்வார்கள். இதையெல்லாம் நீங்கள் உங்கள் தம்பிக்கு எழுத வேண்டியதில்லை. குடையைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

ஒன்று கேட்கலாமா அக்கா? என் பிழைப்பே கல்யாணப் பாட்டு. பிள்ளைக்காக யாரும் அதை நேர்ந்துகொண்டு நான் கேட்டதில்லை. நீங்கள் யாருக்காக நேர்ந்துகொண்டீர்கள்?

பிள்ளைக்கு என் முத்தம்.

பணிவுடன்,
கொலாப்

*

கம்போட்
24 செப்டம்பர் 1964

தம்பி விபோலுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. சுகமில்லை என்று தெரியும். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று தந்தி மாதிரி எழுதினால் அக்காவுக்குப் புரியாதா?

கொலாப்பின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். நான் எழுதவில்லை, அவள் எழுதியதை அப்படியே அனுப்புகிறேன். குடையைப் பற்றிய செய்தி அதில் இருக்கிறது. முதலில் அதைப் படி, பிறகு இங்கே வா.

படித்தாயா?

இப்போது என் கடிதங்களை எடுத்துப் பார். நேர்த்திக்கடன் பிள்ளைக்காக என்று நான் எங்கேயாவது எழுதியிருக்கிறேனா? நீயாக முடிவுசெய்தாய். கணக்கு வாத்தியார்! நான் அங்கோருக்குப் போனது உன் வெற்றிலைத் தட்டு திரும்பி வந்த அடுத்த மாதம். என் மனசில் அன்றைக்கு என்ன பாரம் இருந்திருக்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? எனக்கே பிள்ளை இல்லாத நேரம்தான். ஆனால் கேட்டது உனக்காக, மடையா.

அவள் ஐந்து வருஷமாக ஒன்றும் செய்யவில்லை. கேட்காத எனக்குப் பிள்ளை வந்தது, கேட்ட உன் காரியம் அப்படியே கிடந்தது. மறந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். நம் ஊர்க் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்தால்தானே வேலை நடக்கிறது, இவளுக்கும் முதலிலேயே பூவும் பழமும் கொடுத்து வெட்கப்பட வைப்போம் என்றுதான் உன்னை அனுப்பினேன். உலகத்தில் யாரும் பலிப்பதற்கு முன் நேர்த்திக்கடன் செலுத்துவதில்லை என்று அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது பார், பலித்துவிட்டது! கொலாப்பின் கடிதத்தைப் படித்து நான் சமையலறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில்தான். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

மூதாதையர் திருநாளுக்கு நீ கம்போட்டுக்கு வர வேண்டாம். சியாம் ரியப்புக்குப் போ. அங்கே விகாரையில் சோற்றுருண்டை போடு. அம்மாவும் அப்பாவும் உன்னைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்கள், அவர்களுக்கு என்ன பஸ் டிக்கெட்டா வேண்டும்?

புலி என்று யாராவது சொன்னால், நான் ஹெங்கின் அம்மாவோடு ஒன்பது வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவள் என்று சொல். எங்கள் வீட்டில் புலிக்குப் பயப்பட ஆளில்லை.

குடையை வாங்கிக்கொண்டு வா. தனியாக வராதே.

அக்கா,
மாலிஸ்

*

சியாம் ரியப்
8 அக்டோபர் 1964

என் அக்காவுக்கு,

நலம். இந்த முறை உண்மையாகவே நலம்.

திருநாளன்று இருட்டு விலகுவதற்கு முன்பே விகாரையில் சோற்றுருண்டையோடு வரிசையில் நின்றேன். பக்கத்தில் யாரோ குடை பிடித்தார்கள். பார்த்தால் என் குடை.

"இந்தக் குடை உங்களுதா?" என்றாள் கொலாப்.

"ஆமா."

"சொல்லிக்காம போறவங்களுக்கெல்லாம் திருப்பித் தர்றதில்ல."

அம்மா, அப்பா, தாத்தா என்று பெயர் சொல்லி உருண்டை போட்டேன். அவளும் தன் அம்மா பெயரைச் சொல்லிப் போட்டாள். குடை ஒன்றுதான், மழை பலமாக இருந்தது. பிறகு நடந்தது உனக்கு வேண்டாம்.

மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு, "ஆலைக்காரங்க வரலன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நீ குதிரை வருஷமாமே. குதிரையும் புலியும் சேருமான்னு ஜோசியரக் கேக்கணும்" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பயந்துதான் அக்கா நான் ஓடினேன். இன்னொரு தட்டு திரும்பி வருவதை என்னால் தாங்க முடியாது என்று. ஆனால் இந்த முறை எழுந்திருக்கவில்லை.

"கேளுங்க மாமா. சேரும்னு சொன்னாலும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன், சேராதுன்னு சொன்னாலும் இங்கதான் உக்காந்திருப்பேன். அவருக்கு எதுக்கு வீண் சிரமம்?"

உள்ளேயிருந்து கொலாப், "அப்பா, ஜோசியருக்குக் கொண்டுபோற வாழைப்பழத்த இவருக்கே குடுங்க. காவல்காரனுக்குப் பழம் வெச்ச புண்ணியவான், பசியா இருப்பாரு" என்றாள்.

மாமா சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் வெற்றிலை என் சட்டையில். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ முன்கூட்டியே நேர்த்திக்கடன் செலுத்திய கதையைச் சொன்னேன். இத்தனை வருஷம் வாசித்ததில் இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லை என்றார். பாட்டு மட்டும் பாக்கி இருக்கிறதே. நீர்த் திருவிழா முடிந்ததும் முகூர்த்தம். தா சோமில் யார் பாடுவது என்பதுதான் இப்போது வீட்டில் பிரச்சினை. மணப்பெண் வாயைத் திறக்கக் கூடாதாம். எத்தனையோ பேருக்குப் பாடியிருக்கிறேன், என் பாட்டை வேறொருத்தி தாளம் தப்பிப் பாட விடமாட்டேன் என்கிறாள் புலி.

நீ வராமல் எதுவும் நடக்காது. அத்தானின் இடுப்பையும் பத்திரமாகக் கூட்டி வா.

உன் தம்பி,
விபோல்

*

கம்போட்
9 டிசம்பர் 1964

என் தம்பி விபோலுக்கும் என் வீட்டுப் புலிக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பிள்ளைக்குப் பிரயாணச் சளி, எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, அத்தான் படுத்திருக்கிறார். காரணம் உங்களுக்குத் தெரியும்.

என்னைப் போல ஒப்பனையோடு தூங்கவில்லை நீ, அதுவே பெரிய விஷயம். என் பேர் கெடாமல் இருக்கட்டும் என்று கொலாப்பும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பழத்தட்டுகளோடு அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது முன்னால் இருந்த வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது உள்ளே போயிற்று. திரும்பி வரவில்லை. அதன் பிறகுதான் மூச்சு விட்டேன்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை கல்யாணம் தா சோமில்தான் நடந்தது. நீ மாப்பிள்ளை முறுக்கில் இருந்தாய், பல விஷயம் கவனித்திருக்க மாட்டாய். அந்த வாசலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அப்படியே இருந்தாள். அதே கன்னம், அதே வாய். ஐந்து வருஷத்தில் எனக்குத்தான் சதை போட்டிருக்கிறது. மாமா வில்லை எடுத்தார். கொலாப் பட்டும் பூவுமாக நின்று, மணப்பெண் வாயைத் திறக்கக் கூடாது என்ற பேச்சையெல்லாம் மூட்டை கட்டிவிட்டுப் பாடினாள் பார், என் உடம்பு சிலிர்த்துவிட்டது. தனக்காகப் பாடுகிறாள் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அப்புறம் உன் அத்தான். "இந்தக் கல்லுதான், எல்லாரும் தள்ளி நில்லுங்க, நான் காட்டறேன்" என்று ஊரையே ஒதுக்கி நிறுத்திவிட்டு, தானே அதன் ஓரத்தில் காலை வைத்தாரே! அதே கல், அதே சேறு, அதே "ஐயோ அம்மா". வாத்தியம் நின்றுவிட்டது.

அப்போது நீ சிரித்தாய்.

கொலாப் எழுதியிருந்தது ஒன்றும் மிகை இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, பட்டு வேட்டி கசங்க, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிள்ளை உன்னைப் பார்த்துச் சிரித்தான், அவனைப் பார்த்து எல்லாரும். நீ சின்னப் பையனாகப் பனைமரத்தடியில் சிரித்த அதே சிரிப்பு. அத்தானை யாரும் தூக்கிவிடவில்லை. நானும் தூக்கவில்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டு தேவதை முன்னால் நின்றபோது, "உன் வேண்டுதல் பலித்ததா அக்கா, நீ கேட்ட மாதிரியே பெண் கிடைத்தாளா?" என்று காதில் கேட்டாய். நான் ஊதுவத்தி கொளுத்தப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன்.

நான் பெண் கேட்கவில்லை தம்பி. தட்டு திரும்பி வந்த பிறகு ஒரு மாதம் நீ எங்கள் வீட்டில் இருந்தாய். சாப்பிட்டாய், பேசினாய், எல்லாம் செய்தாய். அத்தான் எவ்வளவோ கோமாளித்தனம் செய்தும் உன் வாயிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரவில்லை. அன்றைக்கு மழையில் அவர் சேற்றில் விழுந்ததும் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. உடனே உன் நினைவும் வந்தது. அவளிடம், "இவன் சிரிக்கிற சத்தத்தை ஒரு தடவை நான் கேட்க வேண்டும்" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். கல்யாணத்தில்தான் சிரிப்பாய் என்று நானே நினைத்துக்கொண்டு பாட்டை நேர்ந்துகொண்டேன்.

ஆக, நான் கேட்டது சிரிப்பு. கொலாப் கொசுறு.

இந்த இடத்தை அவளிடம் படித்துக் காட்டாதே. புலி வருஷம்.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள்,
மாலிஸ்